விலாசமில்லாத தேங்காய்

சென்ற தை மாதத்தில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடிப் புரி க்ஷேத்திரத்துக்குச் சென்று, ஜகந்நாத சுவாமியைத் தரிசித்துவிட்டு, மாலையில் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது எழுந்த ஒரு சிறு வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். அலை ஒதுக்கிய பொருள் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு என் மகள் ஓடிவந்தாள். வெள்ளை வெளேரென்று, சிறு படகு போன்ற வடிவில், உள்ளங்கை நீளத்தில், ஊதினால் பறந்துவிடும் என்னும்படி இலேசாக இருந்தது அது. ஒரு புறம் வழவழப்பாயிருந்தது. மறுபுறம் நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. "இது என்ன, அப்பா?" என்றாள்.

ஓய்வுபெற்ற கார்டு அண்ணாச்சி மீன் எலும்பு என்றார். ஒரு சகோதரி சுண்ணாம்புக் கல் என்றார். என் தாயாரோ, "கடல் நுரை. வெயிலில் இறுகிக் கல்லாகிவிடும். நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேளுங்கள்" என்று தீர்ப்பே கூறிவிட்டார். அருகில் சங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரியாக்காரரும் தம் மொழியில் சமுத்திரத்தின் நுரை என்றே சொன்னார். வடமொழி வைத்திய நூல்களிலும் சமுத்திரபேனம் என்பதே அதன் பெயர். மூன்று மொழிகளும் ஒருமுகமாகச் சாட்சி சொல்லியும் அது நுரையன்று. கணவாயின் உடலுக்குள் அமைந்திருக்கும் ஓடு அது. அதிலுள்ள எண்ணற்ற நுண்ணிய அறைகளில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்துக் கணவாய் வேண்டிய ஆழத்தில் நிலைத்திருக்கிறது. உயிர் போய் உடல் அழுகியபின் ஓடு மட்டும் மிதந்து கரை சேர்கிறது. ஆகவே கார்டு அண்ணாச்சியே உண்மைக்கு அருகில் இருந்தார். ஆனால் அன்று ஒருவரும் அவர் கட்சியில் சேரவில்லை, நானும் சேரவில்லை. ஊருக்குத் திரும்பிப் புத்தகம் பார்த்த பின்னரே தெரிந்துகொண்டேன்.

கடற்கரையில் கிடைக்கும் பொருளுக்கு நாம் இடும் பெயர், பெற்றுக்கொண்டவர் தாமே எழுதி ஒட்டிய லேபிளைப் போன்றது. அனுப்பியவர் யார், புறப்பட்ட ஸ்டேஷன் எது என்பது அதில் இராது. பார்சல் ஆபீஸில் இருபது ஆண்டுகளாகக் காலம் கழிக்கும் எனக்கு இத்தகைய சரக்கு புதியதன்று. லேபிள் கிழிந்து வந்து சேரும் மூட்டைகளை வைத்துக்கொண்டு, முகர்ந்து பார்த்தும் தூக்கிப் பார்த்தும் நாங்கள் கூறாத ஜோசியம் இல்லை. 2009ஆம் ஆண்டில் அப்படி ஒரு தகரப்பெட்டி வந்தது. சுக்கும் வசம்பும் மணத்தன. மருந்துக் கடைச் சரக்குத்தான் என்று நானே முடிவு செய்து, கடைக்காரர்கள் சரக்கோடு சேர்த்து ஒதுக்கி வைத்தேன். உண்மையில் அது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தாயார், இங்கே தலைப்பிரசவத்துக்கு நாள் பார்த்திருந்த தம் மகளுக்கு அனுப்பிய லேகியச் சாமான்கள். பெட்டி அப்பெண்ணின் கைக்குச் சேர்ந்தபோது குழந்தைக்குப் பதினேழு நாள் ஆகியிருந்தது. அவள் கணவர் கையொப்பமிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று முதல் வெளித்தோற்றத்தையும் மணத்தையும் கொண்டு பொருளின் ஊரைச் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழுவதில்லை.

நானாவது ஒரு பெட்டியின் விஷயத்தில்தான் பிழைசெய்தேன். பேரரசர்களும் பண்டிதர்களும் மாலுமிகளும் சேர்ந்து பல நூற்றாண்டுகள் பிழைசெய்த ஒரு சரக்கு உண்டு. அதுவே கடல் தேங்காய். நம் பெரியோர்கள் இப்பெயரை அறிவார்கள். நாட்டு மருந்துக் கடைகளில் உலர்ந்த வெண்பருப்புத் துண்டுகளாக விற்பார்கள். கல்கத்தாவின் படாபஜாரில் தரியாயி நாரியல் என்று கேட்க வேண்டும். வட இந்தியாவில் பக்கிரிகள் கையில் ஏந்தும் கரிய படகு வடிவப் பிச்சைப் பாத்திரத்தையும் பார்த்திருப்பீர்கள். கஷ்கூல் எனப்படும் அப்பாத்திரங்களுள் சிறந்தவை இக்காயின் ஓட்டைப் பிளந்து செய்யப்பட்டவை.

காயின் உருவத்தைச் சிறிது சொல்ல வேண்டும். இரண்டு தேங்காய்களை ஒட்டிப் பிணைத்தாற்போல் இருக்கும்; அதனால் இரட்டைத் தேங்காய் என்றும் பெயர். மனித உடலின் இடைப்பகுதியை அது ஒத்திருப்பதாகப் பிரயாணிகள் எல்லோரும் கூசாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பங்கள் படிக்கும் மலராதலால் நான் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். உலகத்திலுள்ள வித்துக்களிலெல்லாம் பெரியது இதுவே. 25 கிலோ எடை வரை வளரக்கூடியது. ஆயினும் பழங்காலத்தவர் கண்டது பருப்பழிந்து வெறுமையான ஓட்டைத்தான். பெரும்பாலும் மாலத்தீவுகளில் ஒதுங்கும். மலையாளக் கரையிலும் இலங்கையிலும் ஜாவா, சுமத்ரா கரைகளிலும் எப்போதாவது ஒன்று அகப்படும். இக்காயைத் தரும் மரத்தை மட்டும் எவரும் கண்டதில்லை.

மாலத்தீவில் இக்காய் அரசனுக்கே சொந்தம். கரையில் கண்டெடுத்தவன் அரண்மனையில் சேர்த்துவிட வேண்டும். 1602ஆம் ஆண்டில் கப்பல் உடைந்து அத்தீவுகளில் அகப்பட்டு, 1607 வரை அங்கேயே இருக்க நேர்ந்த பிரான்சுவா பிரார் என்னும் பிரெஞ்சுக்காரர் இதைப்பற்றிச் சுவையாக எழுதியிருக்கிறார். அவ்வூரில் ஒருவன் திடீரென்று பணக்காரனாகிவிட்டால், அவன் கடல் தேங்காயோ அம்பரோ கண்டெடுத்திருப்பான் என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்களாம். நம் ஊரில் புதையல் எடுத்தான் என்பது போலத்தான். அம்பர் என்பது ஒருவகைத் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கரை ஒதுங்கும் வாசனைப் பொருள். அதையும் கடலடி ஊற்றில் சுரப்பது என்றும் பறவையின் எச்சம் என்றும் பலவாறு கூறிவந்தார்கள். (இக்காலத்தில் நம் நாட்டில் அதை வைத்திருப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். புரிக்கும் தீகாவுக்கும் அடிக்கடி செல்லும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.)

மரத்தைக் காணாதபோது மனிதனின் மனம் சும்மா இருப்பதில்லை. கோவாவில் வைத்தியராக இருந்த கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துகீசியர், அந்நகரிலேயே 1563ஆம் ஆண்டில் அச்சிட்ட தம் மூலிகை நூலில், அக்காலத்தார் கூறிவந்த காரணத்தைக் குறித்திருக்கிறார். முன்னொரு காலத்தில் மாலத்தீவுகள் ஒரே நிலப்பரப்பாக இருந்தனவாம். கடல் பொங்கித் தாழ்ந்த இடங்களை மூழ்கடித்தபோது அங்கிருந்த தென்னைகளும் புதையுண்டு போயினவாம். அவற்றின் காய்களே இறுகிப் பெருத்து மேலே வருகின்றனவாம். குமரிக்கண்டம் கொண்ட கடல்கோளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அவ்வளவு விநோதமாகத் தோன்றாது. அவருடைய நண்பரான கவி கமோயிஷ் 1572இல் வெளிவந்த தம் காவியத்திலும் இம்மரம் நீரின் ஆழத்தில் வளர்வதாகவே பாடிவிட்டார். ஓட்டில் ஊற்றி வைத்த நீர் எந்த விஷத்தையும் முறிக்கும் என்ற நம்பிக்கையும் கூடவே பரவிற்று. விஷத்துக்கு அஞ்சுகிறவர்கள் யார்? அரசர்களும் பிரபுக்களும். எனவே விலை ஏறியது. ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரத்துக் கலைக்காட்சிச் சாலையில், இக்காயின் ஓட்டுக்கு வெள்ளிக் கட்டுக் கட்டிச் செய்த ஒரு நீர்க்கெண்டி இன்றும் உள்ளது. பிராக் நகரத்தில் ருடால்ப் சக்கரவர்த்தியின் அரண்மனைக் கொல்லர் 1602இல் செய்தது அது. கரையில் ஒதுங்கிய அழுகற்காயின் ஓடு சக்கரவர்த்தியின் மேஜைக்கு ஏறிவிட்டது.

இவர்களிலெல்லாம் என் மனத்தைக் கவர்ந்தவர் ரும்பியஸ் என்பவர். டச்சுக் கம்பெனியின் உத்தியோகஸ்தராகக் கிழக்கே அம்பொய்னா தீவில் வாழ்ந்தவர். பகலில் கம்பெனிக் கணக்கு, ஓய்வு நேரத்தில் செடி கொடி சேகரிப்பு. 1670இல் கண் பார்வை போயிற்று. 1674இல் பூகம்பத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். 1687இல் தீயில் சித்திரங்கள் அழிந்தன. ஐரோப்பாவுக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி 1692இல் கப்பலோடு கடலில் மூழ்கிற்று. நல்லவேளையாகப் பிரதிக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். (ஆபீஸ்காரர்கள் கார்பன் காப்பியின் பெருமையை இதனால் உணர்வார்கள்.) 1702இல் அவர் காலமாகி நெடுநாள் கழித்து, 1741 முதல் அந்நூல் அச்சேறியது. அதில் ரும்பியஸ் திட்டமாகச் சொல்கிறார்: இது நிலத்தில் விளைந்து தற்செயலாய்க் கடலில் விழுந்த காய் அன்று, கடலிலேயே விளைவது, அதன் மரம் மனிதர் கண்ணுக்கு இதுவரை மறைந்திருக்கிறது. மலாய் மாலுமிகள் அவருக்கு ஒரு கதையும் சொன்னார்கள். தென்கடலில் பெருஞ்சுழி ஒன்றின் நடுவே அம்மரம் ஒற்றையாய் நிற்கிறது. அதன் கிளையில் கருடன் கூடு கட்டி வாழ்கிறான். அருகே போன கப்பல் திரும்பாது. நம் கருடாழ்வார் எவ்வளவு தூரம் உத்தியோகம் பார்க்கப் போயிருக்கிறார் பாருங்கள்!

பார்வையற்ற அப்பெரியவரை நான் குறைகூறத் துணியேன். ஆயிரக்கணக்கான செடிகளைச் சரியாக விவரித்தவர் அவர். இந்த ஒன்றில் மட்டும் அவரிடம் இருந்தது காய்; மரம் இல்லை. அதே காலத்தில் ஐரோப்பாவின் வடகோடியில் நடந்த ஒன்றை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே குளிர் மிகுந்த ஆர்க்னித் தீவுகளின் கரையில் இனந்தெரியாத விதைகள் ஒதுங்குவது வழக்கம். லண்டன் வைத்தியரான ஹான்ஸ் ஸ்லோன் அவற்றைப் பார்த்தவுடன், இவை ஜமைக்காவில் விளைபவை என்று 1696இல் எழுதினார். அவற்றுள் ஒன்று, நம் பெண் குழந்தைகள் திண்ணையில் எறிந்து விளையாடும் கழற்சிக்காயேதான். ஸ்லோன் ரும்பியஸைவிட மேதாவி அல்லர். அவர் ஜமைக்காவில் பதினைந்து மாதம் வசித்து அச்செடிகளைக் கண்ணால் பார்த்திருந்தார், அவ்வளவே.

கடல் தேங்காயின் மரத்தைப் பார்த்தவர் ஒருவருமே இல்லாதிருந்ததற்கு எளிய காரணம் உண்டு. அது நின்ற தீவுகளில் குடிமக்கள் இல்லை. மாலத்தீவுக்குத் தென்மேற்கே 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள செஷல்ஸ் தீவுகளில் 1770ஆம் ஆண்டில்தான் மனிதர் குடியேறினர். அதற்கு முன், 1744இல் பிக்கோ என்னும் பிரெஞ்சு மாலுமி அத்தீவுகளில் ஒன்றை அணுகி, பனையினத்து மரங்கள் அடர்ந்திருப்பதைக் கண்டு பனைத்தீவு என்றே அதற்குப் பெயரும் வைத்துவிட்டுப் போனார். அந்த மரங்களுக்குள்தான் உலகம் தேடிக்கொண்டிருந்த மரமும் நின்றது. அவருக்குத் தெரியவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1768இல், மொரீஷியஸிலிருந்து மரியோன் துப்ரேன் அனுப்பிய இரண்டு கப்பல்கள் அங்கே சென்றன. இதற்குள் அத்தீவுக்குப் பிரெஞ்சு மந்திரி ஒருவரின் பெயரால் பிராலின் என்ற பெயர் ஏற்பட்டது. தீவை அளக்கப் போன பாரே என்னும் இஞ்சினியர் கீழே கிடந்த காயை எடுத்துப் பார்த்தார். அண்ணாந்து மரத்தையும் பார்த்தார். கருடனும் இல்லை, சுழியும் இல்லை. மலைச்சரிவில் நூறு நூறாக நின்றன.

அதன் பின் நடந்தது வியாபாரம். அக்கப்பல்களுள் ஒன்றை நடத்திச் சென்ற துஷெமேன் என்பவர் மறு ஆண்டே, 1769இல், வேறொரு கப்பலில் திரும்பிச் சென்று, கப்பல் நிறையக் காய்களை ஏற்றி நம் இந்தியாவுக்குக் கொணர்ந்து விற்றார். ஒன்றிரண்டாக வந்தபோது பொன் விலை பெற்ற காய், குவியலாக வந்தவுடன் மதிப்பிழந்தது. ஊர் தெரிந்தவுடன் விஷமுறிவுச் சக்தியும் எங்கோ போய்விட்டது! மரத்தின் சித்திரத்தை 1776இல் வெளியிட்டவர் சொன்னரா. இவர் நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் உத்தியோகம் பார்த்து, தமிழ்நாட்டு வழக்கங்களைப் பற்றியும் பெரிய நூல் எழுதியவர். இத்தனை நல்ல மனிதர், தாம் சென்றே இராத நியூகினித் தீவில் கண்டதாகப் பென்குவின் பறவைகளின் படத்தையும் அதே நூலில் சேர்த்துவிட்டார். தென்துருவப் பக்கத்துப் பறவை வெப்பநாட்டில் எப்படி இருக்கும்? காயின் லேபிளைச் சரிசெய்த கையே பறவைக்குப் பொய் லேபிள் ஒட்டியது.

இனி, பழையவர்கள் ஏன் கரையில் கிடைத்த காயை ஊன்றி முளைக்கவைத்துப் பார்க்கவில்லை என்று கேட்கலாம். முளைக்காது என்பதே விடை. உயிருள்ள கடல் தேங்காய் நீரில் இட்டால் மூழ்கிவிடும். நம் சாதாரணத் தேங்காயைப்போல் நாரின் உதவியால் மிதந்து வேற்றுக்கரையில் வேர்விடும் திறம் அதற்கில்லை. மட்டையும் பருப்பும் அழுகி ஓடு வெறுமையான பிறகே மேலே எழுந்து நீரோட்டத்தோடு செல்கிறது. அதாவது, ஊரைவிட்டுப் புறப்பட்ட கடல் தேங்காய் ஒவ்வொன்றும் உயிரற்றது. அதனால்தான் அம்மரம் இயற்கையாக வளரும் இடம் பிராலினும் அதன் பக்கத்திலுள்ள கியூரியஸ் என்னும் சிறு தீவும் அன்றி வேறில்லை. தென்னங்காய் இனத்தவரே நாம் என்று எண்ணிக்கொள்கிறேன். இல்லையேல் இந்த ஹூக்ளிக் கரையில் மூன்று தலைமுறையாகக் கார்த்திகைத் தீபம் ஏற்றிக்கொண்டிருக்க மாட்டோம்.

மரம் அகப்பட்டும் பெயர் திருந்தவில்லை என்பதே எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது. 1791இல் ஜெர்மானியப் பண்டிதர் மெலின் இக்காய்க்கு அறிவியற் பெயர் சூட்டும்போது மால்திவிகா என்று, அதாவது மாலத்தீவைச் சேர்ந்தது என்று, எழுதிவிட்டார். அப்போதே அதன் ஊர் தெரிந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு வந்த ஒரு பிரெஞ்சுப் பண்டிதர் செஷல்ஸின் பெயரை இட்டுத் திருத்தினார். ஆயினும் முந்தி வைத்த பெயரே செல்லும் என்பது தாவர நூலாரின் விதி. ஆகவே மாலத்தீவில் ஒரு மரமும் இயற்கையாய் இல்லாத மரத்துக்கு லோடோயிசியா மால்திவிகா என்பதே இன்றும் பெயர். தவறான ஸ்டேஷனின் பெயர் எழுதிய லேபிளைக் கிழிக்கக்கூடாது என்று ரூல் போட்டால் எப்படியிருக்கும் என்பதை எங்கள் ஆபீஸ்காரர்கள் அறிவார்கள்.

கார்டன் ரீச்சில் ரெயில்வே தலைமை ஆபீஸுக்கு எதிர்க்கரையில், சிவபுரித் தாவரத் தோட்டம் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1787இல் ராபர்ட் கிட் அமைத்த அத்தோட்டத்துக்கு நாம் போவதெல்லாம் பெரிய ஆலமரத்தைப் பார்த்துச் சோற்று மூட்டையை அவிழ்ப்பதற்குத்தான். செஷல்ஸிலிருந்து வந்த கடல் தேங்காய் ஒன்றை 1894ஆம் ஆண்டில் அங்கே நட்டிருக்கிறார்கள் என்பதை நான் அறிந்தது வெகு காலத்துக்குப் பின். அது பூக்கச் சுமார் 94 ஆண்டுகள் ஆயின. பூத்த பிறகுதான் அது பெண்மரம் என்று தெரிந்தது. இவ்வினத்தில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. துணை மரம் நம் நாட்டில் இல்லை. முடிவில் தாய்லாந்திலிருந்து மகரந்தம் வருவித்து 2013இல் தூவினார்கள், காய் பிடித்தது. காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் ஆகும். 2016இல் நான் குடும்பத்தோடு சென்று, மட்டைகளுக்கிடையே பசிய காயைக் கண்டேன். சக்கரவர்த்திகள் ஓட்டையே கண்டார்கள். பார்சல் கிளார்க்கு மரத்திலேயே கண்டான். என் தாயார் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதைத்தானா உரைத்துக் கொடுத்தோம்?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்குப் பின் நான் படாபஜாரில் கடல் தேங்காய் வாங்குவதில்லை. இயற்கையில் இரண்டே தீவுகளில் நிற்கும் அம்மரம் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக எண்ணப்படுகிறது; பருப்புக்காகக் காய் திருடுவது அதற்கு ஒரு பெரிய காரணம். பிராலின் தீவில் மே பள்ளத்தாக்கு என்னும் சுமார் 20 ஹெக்டேர் காட்டை 1983இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 1881இல் அங்கே சென்ற ஜெனரல் கார்டன், ஆதாம் ஏவாள் வாழ்ந்த தோட்டம் இதுவே என்று நிச்சயம் செய்துகொண்டாராம். மரம் அகப்பட்ட பிறகும் கதை கட்டுவது நிற்கவில்லை! இப்போது அரசாங்க அனுமதிச் சீட்டும் எண்ணிட்ட அடையாளமும் இல்லாமல் ஒரு காயையும் அந்நாட்டிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. நூற்றாண்டுகளாக விலாசமில்லாமல் அலைந்த சரக்குக்கு இன்று நம்பரும் உண்டு, ரசீதும் உண்டு.

புரியிலிருந்து கொண்டுவந்த பொருள் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. என் மகள் ஒரு காகிதத்துண்டில் ஊரும் தேதியும் எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறாள். கணவாய் ஓடு என்று முதலில் எழுதினாள். பாட்டியின் முகம் சிறிது வாடியதைக் கண்டு, கீழே இன்னொரு வரியில், கடல் நுரை என்றும் சொல்வார்கள் என்று சேர்த்திருக்கிறாள்.